தொட்டியைக் கழுவாதீர்கள், ப்ளீஸ்!

நம் வகுப்பில் ஒருவன் (பெயர் வேண்டாம், அவனுக்கே தெரியும்) போன வாரம் நாலடி மீன் தொட்டி வாங்கியிருக்கிறான். வாங்கியவன் சும்மா இருக்காமல் கேன்டீனில் என்னிடம் வந்து, "மச்சி, மாசத்துக்கு ஒரு தடவை மொத்த தண்ணியையும் எறைச்சிட்டு நல்லா கழுவி விட்டா போதும்ல?" என்றான்.

போதும்டா. எல்லா மீனையும் ஒரே வாரத்தில் அனுப்பி வைக்க அது தாராளமாகப் போதும்.

பாதி சொல்லிக்கொண்டிருக்கும்போதே அடுத்த வகுப்புக்கு நேரமாகிவிட்டது. மீதியை இங்கே எழுதுகிறேன். தொட்டி வைத்திருப்பவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், மீன் என்றால் குழம்பு மட்டும்தான் என்று இருப்பவர்கள் எல்லோரும் படிக்கலாம் :-)

என் கட்சி இதுதான். பெரிய மீன் தொட்டியை வாரா வாரம் பராமரிக்க வேண்டும். ஒருநாளும் முழுசாகக் கழுவக் கூடாது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தவன்தான் நானும். அந்த நினைப்புக்கு ஏழு மீன்கள் பலி.

போகிக்குக் கழுவிய கதை

எங்கள் வீட்டுத் தொட்டி அப்பாவுடையது. 2018-ல் கொளத்தூரில் வாங்கினார். சென்னையில் வண்ண மீன் என்றாலே கொளத்தூர்தானே. 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒன்பது கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர் மீன். பிறகு அப்பாவுக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. மாதம் ஒருமுறைதான் வருவார். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வி "சாப்டியா", இரண்டாவது கேள்வி "மீனுங்க எப்படிடா இருக்கு?"

2023 ஜனவரி, போகி. நான் ப்ளஸ் ஒன். அம்மா வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். பரண், அலமாரி, ஃபேன் றெக்கை எல்லாம் முடிந்து பார்வை தொட்டிப் பக்கம் திரும்பியது. "அதையும் ஒரு தடவை சுத்தமா கழுவுடா, பாசி பிடிச்சு அசிங்கமா இருக்கு."

கழுவினேன். சாதாரணமாக இல்லை, உயிரைக் கொடுத்துக் கழுவினேன். மீன்களை இரண்டு டப்பில் போட்டேன். தண்ணீர் முழுவதையும் இறைத்தேன். கூழாங்கல்லை அரிசி களைவது மாதிரி ஏழு தண்ணீர் அலசி மொட்டை மாடியில் காய வைத்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிழிந்து பிழிந்து, உள்ளே இருந்த பழுப்புச் சேறு போய் புத்தம் புதுசாகும் வரை விடவில்லை. அதையும் வெயிலில் போட்டேன். சோப்பு மட்டும் போடவில்லை, அந்த அளவுக்கு அறிவு இருந்தது. ஊற்றியது போர் தண்ணீர், அதனால் குளோரின் பிரச்சினையும் கிடையாது.

மாலையில் லைட்டைப் போட்டபோது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்தது, அப்படி ஒரு தெளிவு. பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். எனக்குக் காலர் நிமிர்ந்தது.

மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. நான்காம் நாள் காலை இரண்டு மிதந்தன. தங்கச்சி எழுந்து பார்க்கும் முன் எடுத்துவிட்டேன். அன்று மாலை இன்னும் ஒன்று. ஆறாம் நாள் முடிவதற்குள் மொத்தம் ஏழு.

சைக்கிளை எடுத்துக்கொண்டு மீன் கடைக்கு ஓடினேன். கடை அண்ணன் நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "தம்பி, தண்ணிய மாத்துனியா, இல்ல தொட்டியையே மாத்துனியா?" நான் பாட்டிலில் கொண்டுபோயிருந்த தண்ணீரில் இரண்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். மஞ்சளாக இருந்திருக்க வேண்டிய நிறம் கரும்பச்சையாக மாறியது. அம்மோனியா.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்கள்

அந்த அண்ணன் சொன்னதையும் பிறகு நான் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். கெமிஸ்ட்ரி என்று ஓடிவிடாதீர்கள், ப்ளஸ் ஒன் அளவுதான்.

மீன் தன் கழிவில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. மிச்ச உணவும் அழுகி அம்மோனியாவாகிறது. ஏரியில் அது எங்கோ கரைந்து போய்விடும். தொட்டியில் மீன் அதற்குள்ளேயே மூச்சுவிட வேண்டும். தண்ணீரின் பி.எச். 7-லிருந்து 8-க்கு ஏறினால், அம்மோனியாவின் நச்சு வடிவம் கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. நம் ஊர் போர் தண்ணீர் பெரும்பாலும் கடின நீர், பி.எச். மேல் பக்கம்தான் நிற்கும். அதனால் நமக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல்.

இதிலிருந்து மீனைக் காப்பாற்றுவது ஃபில்டர் மோட்டார் இல்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் நுண்ணுயிரிகள். ஒரு கூட்டம் அம்மோனியாவை நைட்ரைட் ஆக்குகிறது. அதுவும் விஷம்தான், மீனின் ரத்தம் ஆக்சிஜன் சுமப்பதைக் கெடுத்துவிடும். இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரேட் அளவு மீறினால்தான் தொல்லை.

இவை யார் என்று கண்டுபிடிக்கவே விஞ்ஞானிகளுக்கு வெகு காலம் ஆயிற்று. நைட்ரைட் வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று மீன் வளர்ப்புப் புத்தகங்கள் பல காலம் சொல்லி வந்தன. 1998-ல் ஒரு குழு நன்னீர்த் தொட்டிகளை ஆராய்ந்தபோது அங்கே அந்த வேலையைச் செய்தது நைட்ரோஸ்பைரா வகை என்று தெரிந்தது. 2011-ல் கனடாவில் செய்த ஆய்வில், பல நன்னீர்த் தொட்டி ஃபில்டர்களில் அம்மோனியாவைத் தின்பதில் முன்னணியில் இருப்பது பாக்டீரியாவே இல்லை, ஆர்க்கியா என்ற வேறொரு நுண்ணுயிர்க் கூட்டம் என்று தெரிய வந்தது. வீட்டு ஹாலில் இருக்கும் ஒரு பெட்டிக்குள் இவ்வளவு விஷயம்!

நாம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான். இவை மெதுவாகத்தான் பெருகும். ஈ.கோலை பாக்டீரியா நல்ல சூழலில் 20 நிமிடத்தில் இரண்டாகிவிடும். இவற்றுக்குப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். புதுத் தொட்டியில் இந்தக் கூட்டம் முழுசாக உருவாக மூன்று முதல் ஆறு வாரம் பிடிக்கிறது. போகி அன்று நான் குழாயடியில் பிழிந்து விட்ட அந்தப் பழுப்புச் சேறு, ஐந்து வருஷமாக அப்பாவின் தொட்டியில் குடியிருந்த கூட்டம். மிச்சம் இருந்தவை வெயிலில் காய்ந்தே செத்தன.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

"சென்னையில் வாரா வாரம் தண்ணீர் மாற்றுவதா? 2019-ல் ஏரியெல்லாம் வறண்டு கிடந்தது மறந்துபோச்சா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த தெருதான் எங்களுடையதும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். எங்கள் தொட்டியின் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர். ஆக சுமார் 255 லிட்டர். கால் பங்கு என்றால் கிட்டத்தட்ட 60 லிட்டர், அதாவது 15 லிட்டர் பக்கெட்டில் நாலு பக்கெட். மாதம் நாலு தடவை என்றால் 240 லிட்டர். மாதம் ஒருமுறை முழுசாகக் கழுவுபவரும் அதே 240, 250 லிட்டரைத்தான் கொட்டுகிறார், கல் அலசும் தண்ணீர் தனி. செலவாகும் தண்ணீர் ஒன்றுதான். ஒரு முறையில் மீன் வாழ்கிறது, இன்னொன்றில் சாகிறது. வாரா வாரம் எடுக்கும் தண்ணீர் வீணும் இல்லை. நைட்ரேட் செடிக்கு உரம். எங்கள் வீட்டு மல்லியும் கறிவேப்பிலையும் அதில்தான் வளர்கின்றன.

இன்னொரு கணக்கு. வாரத்துக்கு நைட்ரேட் 10 என்ற அளவில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். வாரா வாரம் கால் பங்கு மாற்றினால் அது 40-ஐத் தாண்டாது (போட்டுப் பாருங்கள், 40-ல் கால் பங்கு போனால் 30, அடுத்த வாரம் திரும்ப 40). மாற்றவே இல்லை என்றால் ஒரு வருஷத்தில் 520.

"நான்தான் குறையக் குறைய ஊற்றுகிறேனே" என்பவர்களுக்கு: ஊற்றுவது வேறு, மாற்றுவது வேறு. ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். உப்பும் நைட்ரேட்டும் உள்ளேயே தங்கிவிடும். கண்ணாடி விளிம்பில் வெள்ளையாகப் படிவதே அதற்குச் சாட்சி.

எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமை

இப்போது நான் செய்வது இதுதான். மொத்தம் முக்கால் மணி நேரம்.

முதலில் எல்லா ஸ்விட்சையும் அணைக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது தண்ணீருக்குள் கை விடாதீர்கள். ஒயர்கள் எல்லாம் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறுகிற மாதிரி இருக்கட்டும். ஒயர் வழியாக இறங்கும் தண்ணீர் தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

அடுத்து கண்ணாடிப் பாசி. முன்பக்கக் கண்ணாடியில் மட்டும் காலாவதியான ஏ.டி.எம். கார்டால் சுரண்டுவேன். பின்பக்கத்தை அப்படியே விட்டுவிடுவேன். பாசி அசிங்கம் என்பது நம் கண்ணுக்குத்தான், மீன் அதைக் கொறித்துத் தின்னும். பாசி அளவு மீறினால் லைட் எரியும் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள். 6 முதல் 8 மணி நேரம் போதும்.

பிறகு ட்யூப் போட்டு இறக்குவது. வாயால் உறிஞ்சாதீர்கள் (ஒருமுறை குடித்தவன் சொல்கிறேன்). ட்யூப் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, நுனியை விரலால் மூடி, பக்கெட்டுக்குள் இறக்கித் திறந்தால் தானாக ஓடும். ட்யூபைக் கூழாங்கல்லுக்குள் குத்திக் குத்தி எடுத்தால் அழுக்கு மட்டும் மேலே வரும். இந்த வாரம் வலது பாதி, அடுத்த வாரம் இடது பாதி.

ஃபில்டர் ஸ்பாஞ்ச் மாதம் ஒருமுறை. குழாய்த் தண்ணீரில் கூடவே கூடாது. தொட்டியிலிருந்து எடுத்த பக்கெட் தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்து திரும்ப வைத்துவிட வேண்டும். பழுப்பாகத்தான் இருக்கும், இருக்கட்டும். கல்லைக் கிளறிய வாரம் ஸ்பாஞ்சைத் தொட மாட்டேன்.

கடைசியாகப் புதுத் தண்ணீர். மெட்ரோ தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், அது இந்த நுண்ணுயிரிகளையும் கொல்லும். மீன் கடையில் குளோரின் நீக்கும் சொட்டு மருந்து கிடைக்கிறது. அல்லது முந்தின நாளே பக்கெட்டில் பிடித்துத் திறந்து வைத்துவிடலாம். மத்தியானம் மொட்டை மாடித் தொட்டித் தண்ணீர் வெந்நீர் மாதிரி வரும், அதனால் காலையிலேயே செய்துவிடுங்கள். ஒரு தட்டை மேலே பிடித்து அதன் மீது மெதுவாக ஊற்றினால் கல் கலங்காது.

சாப்பாடு: இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கிற அளவு மட்டும். தின்னாமல் கிடப்பதெல்லாம் அடுத்த வாரத்து அம்மோனியா.

சக்கர் மீன் பார்த்துக்கொள்ளுமா?

"டேங்க் கிளீனர் மீன் ஒண்ணு போட்டுட்டா அதுவே சுத்தம் பண்ணிடும்" என்று பலர் நம்புகிறார்கள். சக்கர் கொஞ்சம் பாசி தின்னும், அவ்வளவுதான். தின்றதற்கு ஈடாக அதுவும் கழிவு போடும். தொட்டியின் மொத்தக் கழிவில் அது கூடுதல், கழித்தல் இல்லை. விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும். வளர்ந்ததும் ஏரியில் கொண்டுபோய் விடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் இன்று தமிழ்நாடு, கேரளம், மேற்கு வங்கம் என்று பல மாநில நீர்நிலைகளில் பெருகி, மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. வேண்டாம் என்றால் கடையில் திருப்பிக் கொடுங்கள், ஏரியில் மட்டும் விடாதீர்கள்.

வேறு உயிரைத் துணைக்கு வைக்கும் யோசனை பழசுதான். 1850-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர், கோல்டு ஃபிஷ்ஷையும் நீர்ச்செடியையும் ஒரே தொட்டியில் வாழ வைத்ததை எழுதினார். செடியின் இலை அழுகித் தண்ணீர் கெட்டபோது, அதைத் தின்ன நத்தைகளைச் சேர்த்தார். நத்தை முட்டை மீனுக்கு உணவானது. அவரும் தொட்டியைக் கழுவவில்லை பாருங்கள், அதற்குள் ஒரு சமநிலையைத்தான் தேடினார்.

"நாங்க வருஷக்கணக்கா கழுவுறோமே!"

இதைச் சொன்னால் யாராவது ஒருவர், "எங்க வீட்ல மாசா மாசம் கழுவுறோம், ஒண்ணும் ஆகல" என்பார். இருக்கலாம். மீன் குறைவாக இருந்தால், கொஞ்சம் ஸ்பாஞ்சோ கல்லோ ஈரமாகத் தப்பியிருந்தால் தொட்டி சமாளித்துக்கொள்ளும். ஆனால் அந்த வீட்டில் மீன் எத்தனை வருஷம் வாழ்கிறது என்றும் கேளுங்கள். "ரெண்டு வருஷம் இருக்கும், அதோட ஆயுசு அவ்ளோதான்" என்று பதில் வரும்.

அவ்வளவு இல்லை. நன்றாக வைத்துக்கொண்டால் கோல்டு ஃபிஷ் பத்து வருஷத்துக்கு மேல் வாழும். இங்கிலாந்தில் டிஷ் என்ற கோல்டு ஃபிஷ், 1956-ல் ஒரு பொருட்காட்சியில் பரிசாகக் கிடைத்தது, 1999-ல்தான் செத்தது. 43 வயது! நம் வீட்டு மீன் இரண்டு வருஷத்தில் செத்தால் அதை ஆயுசு என்று சொல்லிவிடுகிறோம். செத்ததும் புது ஜோடி வாங்கிவிடுகிறோம். விலை குறைவு என்பதால் தப்பு எங்கே என்று யோசிப்பதே இல்லை. நாய் வளர்ப்பவர் ஒருவர், "வருஷா வருஷம் செத்துடும், வேற வாங்கிப்போம்" என்றால் சும்மா விடுவோமா?

அதனால் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரம் நாலு பக்கெட் தூக்க ஆள் இல்லாத வீட்டுக்கு நாலடி தொட்டி வேண்டாம். "சின்னதா ஒரு கிண்ணம் வெச்சுக்கிறேன்" என்பதும் தீர்வு இல்லை. தண்ணீர் குறைந்தால் விஷம் இன்னும் வேகமாக ஏறும். ஆசைப்பட்டு வாங்குவது அப்பாவோ பிள்ளையோ, தண்ணீர் தூக்குவது அம்மா என்றுதான் பல வீடுகளில் நடக்கிறது. போகிக்கு முன்னால் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். யார் பக்கெட் தூக்குவது என்று பேசி முடிவு செய்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

அப்பா வந்த நாள்

ஏழு மீன் செத்த பிறகு இரண்டு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போனில் பொய் சொன்னேன். "எல்லாம் நல்லா இருக்குப்பா." மூன்றாவது வாரம் லீவில் வந்தார். பையைக்கூட இறக்காமல் தொட்டி முன்னால் போய் நின்றார். இரண்டு கோல்டு ஃபிஷ், ஒரு சக்கர். எண்ணிப் பார்க்க நேரம் ஆகவில்லை.

திட்டுவார் என்று காத்திருந்தேன். "தண்ணி ரொம்ப சுத்தமா இருக்குடா" என்றார். அவ்வளவுதான், கை கால் கழுவப் போய்விட்டார்.

அன்றிலிருந்து அந்த நாலு பக்கெட் என் பொறுப்பு. ஆறு வாரம் வேறு மீன் வாங்காமல், அந்த இரண்டோடு தொட்டி தேறும் வரை காத்திருந்தேன். பிறகு கடை அண்ணன் சொன்னபடி ஒவ்வொன்றாக மூன்று சேர்த்தேன். அதே வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மீனுக்கு மட்டும் இல்லை, ஸ்பாஞ்சில் இருப்பவற்றுக்கும் ஆக்சிஜன் வேண்டும். ஸ்பாஞ்சை ஃபில்டரிலிருந்து எடுத்துத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, சாப்பாட்டை நிறுத்திவிட்டு, நானும் தங்கச்சியும் முறை வைத்து மக்கால் தண்ணீரை மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். ராத்திரியிலும். ஒன்றுகூடச் சாகவில்லை. லைன் கிடைத்ததும் அப்பா கேட்ட இரண்டாவது கேள்விக்கு இந்த முறை உண்மையைச் சொல்ல முடிந்தது.

ஆகவே நண்பா, நாலடி தொட்டி வாங்கியவனே! இன்னும் மீன் விடவில்லை என்றால் விடாதே. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஒரு டப்பாவோடு வீட்டுக்கு வா. என் ஸ்பாஞ்சைப் பிழிந்து அந்தப் பழுப்புத் தண்ணீரைத் தருகிறேன். நேராக வீட்டுக்குப் போய் உன் ஃபில்டரில் ஊற்று. பார்க்கச் சகிக்காது, நாற்றமும் கொஞ்சம் அடிக்கும். ஆனால் உன் தொட்டிக்கு அதைவிட நல்ல பரிசு என்னிடம் இல்லை.

வரும்போது சும்மா வராதே. எங்கள் வீட்டு நாலு பக்கெட்டில் இரண்டை நீ தூக்க வேண்டியிருக்கும் :-)